குப்பிக்குப் பின்னால்தான் தட்டு

எங்கள் வோலோஸ் துறைமுகத்தில் மத்தியானம் குடிக்க உட்காருகிறவனுக்கு என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்யும் உரிமை கிடையாது. அவன் குப்பி கேட்கலாம், அவ்வளவுதான். குப்பி என்றால் உள்ளங்கையில் அடங்குகிற சிப்புரோக் குப்பி, திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம். அது மேசைக்கு வந்தால் பின்னாலேயே ஒரு தட்டு வரும். தட்டில் என்ன இருக்கும் என்பது சமையல்கட்டில் நிற்பவருக்கும் அன்று கடலில் வலை போட்டவருக்கும் இடையிலான விஷயம். இரண்டாவது குப்பிக்கு வேறு தட்டு, முன்னதைவிடக் கொஞ்சம் நல்ல தட்டு. மூன்றாவதற்கு அதைவிட நல்லது. பில்லில் குப்பிகளை மட்டும்தான் எண்ணுவார்கள். தட்டுக்கு விலையே கிடையாது, ஆகவே எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தட்டை விலைக்கு வாங்க முடியாது.

இந்தச் சட்டத்தை ஊரில் பல கடைகள் தளர்த்திவிட்டன. முதலில் மெனு அட்டை அடித்தார்கள், பிறகு அதில் படம் போட்டார்கள், கடைசியில் உருளைக்கிழங்கு வறுவல் விற்க ஆரம்பித்தார்கள். துறைமுக வாசலுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் ப்ரோத்ரோமோஸ் கடை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ப்ரோத்ரோமோஸ் கிழவர் உயிரோடு இருந்தபோது அவருடைய சொந்த மைத்துனரே வந்து, வயிறு சரியில்லை, குப்பி வேண்டாம், நாலு நெத்திலி மட்டும் போதும் என்று கேட்டிருக்கிறார். கிழவர் அவரை மரியாதையாக வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் எதிரே இருந்த மருந்துக்கடையைக் காட்டினார். மைத்துனர் அதற்குப் பிறகு கிழவரின் சாவுக்குத்தான் வந்தார். அன்றும் குப்பி வந்த பிறகுதான் தட்டைத் தொட்டார்.

கிழவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அரெத்தி, சமையல்கட்டு அவளுடையது. இளையவன் யோர்தானிஸ், கூடம் அவனுடையது. கடை திறந்திருக்கும் நேரத்தில் அரெத்தி கூடத்தில் கால் வைக்க மாட்டாள். யோர்தானிஸ் எந்த நேரத்திலும் சமையல்கட்டில் கால் வைக்க மாட்டான். இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல், அதன் வழியாகத்தான் குப்பியும் தட்டும் போகும், காலித் தட்டு திரும்பி வரும். அந்த ஜன்னலைக் கிழவர் தன் உயரத்துக்கு வெட்டியிருந்தார், கிழவர் குள்ளம். அரெத்தி நெட்டையான அம்மாவைக் கொண்டு பிறந்தவள். நிமிர்ந்து நின்றால் அவளுக்குக் கூடத்தில் மேசைகளும் கைகளும்தான் தெரியும், தலைகள் தெரியாது. ஊரில் பாதிப் பேரை அவளுக்குக் கையை வைத்துத்தான் அடையாளம். தெருவில் யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தால் மலங்க மலங்க விழிப்பாள். அவர்கள் கையை நீட்டியதும், "ஓ, நீங்களா!" என்பாள்.

கல்யாணம் என்ற ஒன்று அவள் வாழ்க்கையில் வாசல்வரை வந்தது. இருபது வயதில் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவனுக்கு நிச்சயம் செய்தார்கள். கப்பல் போனது. பிறகு கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு பேக்கரிக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டான் என்று மாலுமி ஒருவன் சொன்னான். அன்று அரெத்தி இரண்டு கூடை மத்தி மீனைக் கழுவிச் சுத்தம் செய்தாள். அழுதாயா என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டார்கள். "வெங்காயமும் உரிச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சாப்பிட்டவன் வாயால் பாராட்டுவதை அரெத்தி ஒரு காலத்திலும் நம்பியதில்லை. குடித்தவன் எதையும் பாராட்டுவான், மேசைக்காலைக்கூடப் பாராட்டுவான். அவள் நம்பியது திரும்பி வரும் தட்டை. யார் எதை ஒதுக்கினான், எதை ரொட்டியால் துடைத்தான், எதைத் துணியில் மறைத்து வைத்தான் என்று ஒவ்வொரு தட்டையும் தொட்டியில் போடுமுன் பார்த்துவிடுவாள். அப்படிப் பார்த்துத்தான் அவளுக்கு அர்கீரிஸ் தெரியவந்தார்.

அர்கீரிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, ஒரே மகளை லாரிசா நகரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். வாரத்தில் ஐந்து நாள் மத்தியானம் இரண்டு சிநேகிதர்களோடு கடைக்கு வருவார். ஒருவர் கோஸ்மாஸ், சந்து முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் தேமிஸ், படகுக்குப் பூசும் பெயின்ட் விற்பவர், எந்த ரகசியமும் வாயில் தங்காதவர். மற்ற இருவரின் தட்டுகளும் போர்க்களம் மாதிரி திரும்பி வரும். அர்கீரிஸின் தட்டு மட்டும், சரக்கு இறக்கி அடுக்கிய மாதிரி வரும். மட்டியின் ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வரிசையாக வைத்திருப்பார். மீன் முள் தலையிலிருந்து வால்வரை அறுபடாமல் கிடக்கும். சாற்றை ரொட்டியால் துடைத்திருப்பார், கழுவாமலே அலமாரியில் வைக்கலாம் போலிருக்கும்.

ஐந்தாம் குப்பிவரை போகிற ஆட்கள் குறைவு. அர்கீரிஸ் ஐந்தைக் குறைத்ததில்லை. ஆகவே ஐந்தாம் தட்டுக்கு என்ன செய்வது என்று அரெத்தி காலையில் மீன் சந்தைக்குப் போகும்போதே யோசித்துக்கொண்டு போவாள். ஆக்டோபஸ் காலின் தடித்த பக்கம், மலையிலிருந்து வருகிற காட்டுத் துளிர் ஊறுகாயில் நல்லதாக ஒரு பிடி, இரண்டே இரண்டு நண்டு கிடைத்தால் அந்த இரண்டும், எல்லாம் அந்தத் தட்டுக்கு. இதைக் காதல் என்று சொல்ல ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அரெத்திக்கே தோன்றவில்லை. கடையை விட்டுப் போகும்போது அர்கீரிஸ் ஜன்னலுக்குள் குனிந்து, "கைக்குச் சுகம், அரெத்தி" என்பார். எங்கள் ஊரில் சமைத்தவளுக்கு அப்படித்தான் சொல்வது. "உங்க உடம்புக்கும்" என்பாள் அவள். இத்தனை வருஷத்தில் இருவரும் பேசியது இவ்வளவுதான்.

ஈஸ்டர் நோன்பு தொடங்கிய வாரம் அர்கீரிஸ் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கோஸ்மாஸும் தேமிஸும் மட்டும் வந்து துக்க வீட்டில் உட்காருவது போல் உட்கார்ந்தார்கள். யோர்தானிஸ் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே விசாரித்தான்.

"எங்கேங்க உங்க கிரேன்காரரு?"

"நெஞ்சுவலிப்பா" என்றார் கோஸ்மாஸ். "லாரிசாவுல மக கொண்டுபோய்ச் சேர்த்து, உள்ளே ரெண்டு ஸ்பிரிங் வெச்சு அனுப்பியிருக்காங்க. மாத்திரைய மட்டும் விழுங்கணுமாம். ஒரு சொட்டு தொடக் கூடாதாம்."

"அப்ப ஆளு போயிட்ட மாதிரிதான்" என்றார் தேமிஸ்.

"வாயக் கழுவுடா. ஆளு நல்லாத்தான் இருக்கான். குப்பிதான் போச்சு."

"வரச் சொல்லுங்க, சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்" என்றான் யோர்தானிஸ்.

"நான் சொல்லாமயா இருப்பேன்? 'நீங்க ரெண்டு பேரும் குடிச்சு, அதுக்கு வர்ற தட்டுல நான் கை வெக்கிறதா? தட்டுப் பிச்சைக்கு என்னக் கூப்பிடாதே'ன்னுட்டான். வீட்ல பூசணிக்காய வேக வெச்சுத் தின்னுக்கிட்டு சுவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். பாக்கச் சகிக்கல."

அர்கீரிஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. ப்ரோத்ரோமோஸ் கடையில் மேசைக்கு மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு குப்பி வாங்கினால், தட்டில் இருப்பதும் இரண்டு பேருக்குத்தான் இருக்கும். மூன்றாவது ஆள் கை நீட்டினால் மற்றவன் பங்கில்தான் கை வைக்கிறான்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அரெத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மூன்று மேசைக்கு உப்பில்லாமல் மட்டி போனது. கடைச் சரித்திரத்தில் அது முதல் தடவை. ஆட்கள் பயந்துபோய் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

கடை மூடிய பிறகு அவள் ஜன்னலில் தலையைக் குனிந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், அர்கீரிஸுக்குக் குப்பி இல்லாமத் தட்டு அனுப்பலாம்டா."

"எந்த அர்கீரிஸுக்கு?"

"எனக்கு எத்தனை அர்கீரிஸ் தெரியும்?"

"அக்கா, அப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"அப்பா நெறையச் சொன்னாரு. உன்னக் கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாரு. பண்ணிக்கிட்டியா?"

"அதுவும் இதுவும் ஒன்னா? இன்னைக்கு இவருக்கு நெஞ்சுவலி. நாளைக்கு ஒருத்தனுக்குச் சர்க்கரை. அப்புறம் எவனாவது வந்து, நான் வண்டி ஓட்டணும், எனக்கு நெத்திலி மட்டும் குடும்பான். அதோட இது ஹோட்டல் ஆயிடும்."

ஹோட்டல் என்ற வார்த்தையை அவன் மற்றவர்கள் ஜெயில் என்று சொல்லும் குரலில் சொன்னான்.

"அவருக்கான காச நான் தர்றேன்."

"எதுக்குக் காசு? தட்டுக்கு விலை ஏது? எவ்வளவுன்னு போடுவேன் நான்?"

சட்டம் அப்படித்தான் இருந்தது, அதில் அவளுக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனால் அர்கீரிஸ் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை சந்தையில் ஐந்தாம் தட்டுக்கு ஒன்றும் தோன்றாமல் மீன்காரியின் முன்னால் வெறுமனே நின்றாள். எட்டுக் கைகளையும் விரித்துக்கொண்டு ஆக்டோபஸ் கிடந்தது, அதைப் பார்த்து அவளுக்கு ஒரு எண்ணமும் வரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சிப்புரோ இரண்டு வகை, சோம்பு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. சமையல்கட்டில் இரண்டு பெரிய ஜாடிகள் இருக்கும், அவற்றிலிருந்து அரெத்திதான் குப்பிகளை நிரப்புவாள். சோம்பு போட்டதற்குச் சிவப்பு மூடி, போடாததற்கு வெள்ளை மூடி. சோம்பு போட்டதில் தண்ணீர் பட்டால் பாலாக வெளுக்கும். போடாதது கண்ணாடி போலத் தெளிவாக, பார்ப்பதற்கு அசல் தண்ணீராகவே இருக்கும். ஆகவே வெள்ளை மூடிக் குப்பியில் குழாய்த் தண்ணீர் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டும். அடுத்தவன் குப்பியை மோந்து பார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

அரெத்தி நேரே கோஸ்மாஸின் கடைக்குப் போனாள். பெண்கள் படியேறாத கடை அது. பாதி முகம் மழித்த ஆள் ஒருவன் நாற்காலியில் சோப்பு நுரையோடு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவள் கோஸ்மாஸைப் பின்பக்கம் அழைத்துப் போய்க் காதும் காதும் வைத்தாற்போல் விஷயத்தைச் சொன்னாள்.

"தேமிஸுக்குச் சொல்லலாமா?" என்றார் கோஸ்மாஸ்.

"ரேடியோவுல சொல்லிட்டு அப்புறம் அவருக்குச் சொல்லுங்க."

"உங்க தம்பிக்கு?"

"அவன் தட்டு தூக்கினா போதும்."

அர்கீரிஸ் முதலில் மாட்டேன் என்றாராம். பிறகு, யார் யோசனை என்று கேட்டாராம். அரெத்தியின் யோசனை என்றதும் சவரம் செய்துவிடச் சொன்னாராம். அடுத்த நாள் மத்தியானம் சலவைச் சட்டையோடு கடைக்கு வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டாக்டர் வேணாம்னு சொல்லலையா?" என்றான் யோர்தானிஸ்.

"வெள்ளை மூடி குடு" என்றார் அர்கீரிஸ்.

யோர்தானிஸுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. ஜன்னலுக்கு வந்து, "அர்கீரிஸுக்கு வெள்ளை!" என்று ஊரே கேட்கக் கத்தினான். அவருடைய நெஞ்சை எல்லோரும் அந்தக் கணமே மறந்தார்கள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் ஊரில் ஒருவன் கட்சி மாறலாம், கால்பந்துக் கிளப் மாறலாம், பெண்டாட்டியைக்கூட மாற்றிக்கொண்டு தெருவில் நடமாடலாம். சோம்பு குடித்தவன் சோம்பில்லாததற்கு மாறமாட்டான். அர்கீரிஸ் மாறிவிட்டார் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் மீன் சந்தையை எட்டியது. அவர் குப்பியில் இருப்பது தண்ணீர் என்று ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்க ப்ரோத்ரோமோஸ் கடைக்கு யார் வருவார்கள்?

தேமிஸ்தான் நொந்துபோனார். "இத்தனை வருஷமா ஒரே ஜாடியில குடிச்சோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா நீ?"

"வயசானா நாக்கு மாறும்" என்றார் அர்கீரிஸ்.

"நாக்கு மாறும், மனுஷன் மாறலாமா? டேய் கோஸ்மாஸ், நீயாச்சும் கேளேன்."

"அவன் இஷ்டம், விடு" என்றார் கோஸ்மாஸ், மட்டியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டு.

குறுகுறுப்பு இருந்தாலும் அர்கீரிஸ் தினமும் வந்தார். குப்பிகள் தெளிவாகப் போயின, தட்டுகள் முறையாகப் பின்தொடர்ந்தன. யோர்தானிஸ் தண்ணீருக்குச் சாராயக் கணக்குப் போட்டான், அவரும் கூசாமல் கொடுத்தார். அரெத்திக்குச் சந்தையில் மறுபடியும் யோசனைகள் ஓடின. சமையல்கட்டில் அவள் முணுமுணுவென்று பாடுவதைத் தம்பி கேட்டான், அடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் ஊரில் இன்னொரு கட்சி இந்தச் செய்தியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மூலை மேசையில் உட்காரும் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி ஒருவர்தான் சோம்பில்லாதவர்களுக்குத் தலைவர் மாதிரி. சுங்கத்துக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறார், ஒருவனும் மனம் மாறியதில்லை. இப்போது யாரும் வாதாடாமலே கிரேன்காரர் வந்து சேர்ந்துவிட்டார். சுங்கத்துக்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரம், அவர் யோர்தானிஸை அழைத்து அர்கீரிஸுக்குத் தன் செலவில் ஒரு குப்பி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

பக்கத்து மேசையிலிருந்து குப்பி வந்தால் மறுக்க முடியாது. எழுந்து நின்று, அனுப்பியவரைப் பார்த்து கிளாஸை உயர்த்தி, குடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒருவனுடைய அப்பாவைத் திட்டினால் ஈஸ்டருக்குள் மன்னித்துவிடுவான். அவன் அனுப்பிய குப்பியைத் திருப்பினால் பேரன் காலம்வரை பேச்சு வார்த்தை இருக்காது.

யோர்தானிஸ் எப்போதும் காசு கொடுக்கிற மேசையின் பெயரைச் சொல்லித்தான் குப்பி கேட்பான். பில்லில் குழப்பம் வராமலிருக்க அது அவன் பழக்கம். "சுங்கத்துக்கு ஒன்னு, வெள்ளை!" என்றான். அரெத்தி அடுப்பிலிருந்த மட்டியைக் கிளறிக்கொண்டே, ஜாடியிலிருந்து அசல் சரக்கை நிரப்பி, வெள்ளை மூடி போட்டு ஜன்னலில் வைத்தாள்.

குப்பி வைத்த தட்டம் நகர்வதை அவள் தற்செயலாகத்தான் பார்த்தாள். மூலை மேசையைத் தாண்டியது. அர்கீரிஸின் மேசையில் நின்றது. கூடத்தில் கைகள் தட்டின. அவளுக்குத் தெரிந்த கை மூடியைத் திறந்து கிளாஸில் ஊற்றியது, தூக்கியது, பாதி வழியில் நின்றது. அரெத்தி குனிந்தாள். அர்கீரிஸின் முகம் தெரிந்தது. அவருக்கு வாசனை தெரிந்துவிட்டது.

"நம்ம பக்கம் வந்து சேந்ததுக்கு!" என்று எழுந்து நின்றார் சுங்கத்துக்காரர். "கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை!"

அர்கீரிஸ் எழுந்தார். ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு கிளாஸை உயர்த்தினார். அந்த மனுஷன் குடித்துவிடுவார் என்று அரெத்திக்குத் தெரிந்தது. தண்ணீர் விஷயம் வெளியே வந்து அவள் பெயர் அடிபடுவதைவிட நெஞ்சு வெடித்தாலும் தேவலை என்று நினைக்கிற ஆள்.

அவள் அடுப்பை அணைக்கவில்லை. கரண்டியையும் கீழே வைக்கவில்லை. சமையல்கட்டின் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குள் வந்தாள். வருஷக்கணக்காக அவளை ஒரு ஜோடிக் கையாகவே பார்த்துப் பழகியவர்கள், இவ்வளவு நெட்டையான ஒரு பெண் கரண்டியோடு வருவதைப் பார்த்து நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அவள் அர்கீரிஸின் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

சமைக்கிறவள் குடித்தால் நாக்கு மரத்துப்போகும் என்று சொல்லி அப்பா அவளை ஒரு சொட்டுகூடத் தொட விட்டதில்லை. சாராயக்கடையில் பிறந்து வளர்ந்து அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் குடித்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது, இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டே மேசையில் இருந்த அர்கீரிஸின் முந்தைய குப்பியை எடுத்து அதையும் மடமடவென்று குடித்துக் காலி செய்தாள்.

"அய்யய்யோ, அடுத்ததையும் அடிக்குதே இந்தம்மா!" என்று அலறிக்கொண்டு தேமிஸ் குப்பியைப் பறித்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார். கவிழ்த்து உள்ளங்கையில் விழுந்த சொட்டை நக்கிப் பார்த்தார். "தண்ணி" என்றார். "டேய், இது தண்ணிடா!"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அர்கீரிஸ் நாற்காலி முதுகில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார்.

"யோர்தானிஸ், மன்னிச்சுக்கப்பா. உங்கப்பா கடையில தண்ணியக் குடிச்சிட்டுத் தட்டத் தின்னுட்டேன். இனிமே வர மாட்டேன்."

"அவர் ஒன்னும் கேக்கல. நான்தான் குடுத்தேன்" என்றாள் அரெத்தி, இருமலுக்கு நடுவே.

"எதுக்குக் குடுத்தே?" என்றான் தம்பி. அவன் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. "அப்பா போட்ட சட்டத்த, நீயே, எதுக்குக்கா?"

"அவர் வரலைன்னா எனக்குச் சமைக்கப் பிடிக்கலடா."

இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் கேட்காதவர் யாரும் இல்லை. சமையல்கட்டிலிருந்து மட்டி கருகும் வாசனை வந்தது. போய் அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அர்கீரிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாதவர் போல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோர்தானிஸ் யோசித்தான். அவனுக்கு யோசனை என்பது அப்பாவின் சட்டத்தை மனசுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாகச் சமையல்கட்டுக்குள் போனான். உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. ஒரு தட்டோடு திரும்பி வந்தான், அதில் கருகிய மட்டி. அதைத் தன் அக்காவின் முன்னால் வைத்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"குப்பி வந்துச்சு. குடிச்சது நீ. அப்ப தட்டு உனக்கு."

அரெத்தி உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு அதை மேசையின் குறுக்கே அர்கீரிஸ் பக்கம் தள்ளினாள்.

"என் தட்ட நான் யாருக்கு வேணா குடுப்பேன். அதுக்கு அப்பா ஒன்னும் சட்டம் போடல."

யோர்தானிஸ் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். போடவில்லைதான்.

சுங்கத்துக்காரர் இன்னும் நின்றுகொண்டேயிருந்தார். தான் அனுப்பிய குப்பி மறுக்கப்பட்டதா இல்லையா என்பது அவருக்குத் தீர்ந்தபாடில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கடைசியில் தொண்டையைக் கனைத்தார். "குடிச்சது வெள்ளை மூடிதானே? அப்ப சமையல்கட்டே நம்ம கட்சி" என்று சொல்லிவிட்டுத் திருப்தியோடு உட்கார்ந்தார். சோம்புக்காரர்கள் முகம் தொங்கிப்போனது.

அர்கீரிஸ் தொப்பியை மறுபடி நாற்காலி முதுகில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மட்டியை எடுத்து வாயில் போட்டார். கரி. மென்று விழுங்கினார். இன்னொன்றை எடுத்தார்.

"நல்லாருக்கா?" என்றார் தேமிஸ்.

"இல்ல" என்றார் அர்கீரிஸ். மூன்றாவதை எடுத்தார்.

கோஸ்மாஸ் மேசையில் குத்திச் சொன்னார், "நாளைலேர்ந்து இவனோட குப்பிய நான் குடிக்கிறேன். தட்ட இவன் தின்னட்டும். சிநேகிதத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

"நீ ஒருத்தன் எவ்வளவுதான் தாங்குவே?" என்றார் தேமிஸ். "பாதி என் பொறுப்பு. அது சிவப்பு மூடியா இருக்கணும், அதான் ஒன்னு."

இருவரும் தியாகிகளின் முகத்தோடு யோர்தானிஸைப் பார்த்தார்கள். குப்பி வருகிறது, மேசையிலேயே காலியாகிறது, ஆகவே சட்டத்தில் இடம் இருக்கிறது என்று யோர்தானிஸ் ஒப்புக்கொண்டான்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் அர்கீரிஸ்.

இரு தியாகிகளுக்கும் முகம் விழுந்துவிட்டது.

அர்கீரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு அரெத்தியைப் பார்த்தார். "இவங்க குடிக்க, நீங்க உள்ள நிக்க, நான் மட்டும் இங்க உக்காந்து தின்ன எனக்குப் பிடிக்கல. நீங்க கூட உக்காந்து சாப்பிடுவீங்கன்னா வர்றேன். குப்பியும் வேணாம், அஞ்சு தட்டும் வேணாம். நீங்க உங்களுக்குப் போட்டுக்கிறது எதுவோ அதுல கொஞ்சம் போதும்."

"அப்ப சமைக்கிறது யாரு?" என்றான் யோர்தானிஸ். உள்ளே போய்விட்டு வந்த அந்த ஒரு தடவையே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"நீ சும்மா இருடா" என்றாள் அரெத்தி. அவள் முகம் இன்னும் சிவந்தேயிருந்தது, அது குப்பியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ சந்தையில் விலை பேசுவது போல அர்கீரிஸிடம் சொன்னாள். "கடைசி மேசை எழுந்தாத்தான் எனக்கு ஒழியும். அதுக்குச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் உங்களுக்குப் பசிக்குமே?"

"பசிக்கட்டும்" என்றார் அர்கீரிஸ்.